பூப்பந்தை ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுசெல்ல உங்கள் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்தை ஆசிய விளையாட்டுப் போட்டியில் சேர்க்கக் கோரும் மனு ஒன்றை, கோத்தகிரியில் ஆடிவரும் நாங்கள் தயாரித்து வருகிறோம். இறகுப்பந்து திசைமாறிப் பறந்துவிடும் மலைக்காற்றிலும், ஐவர் அணியாக நின்று இந்த மஞ்சள் கம்பளிப் பந்தைத் திறந்தவெளியில் அடித்து ஆட முடிகிறது. மூடுபனியில் பந்து நனைந்து கனத்துவிடும் மாலைகளில் மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது.

1970-இல் ஜெ. பிச்சையா அர்ஜுனா விருது பெற்ற ஆட்டம் இது என்பது பெருமைதான். ஆனால், பெருமையை மட்டும் காட்டினால் ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் அசையாது. 1982-இல் டெல்லியில் காட்சி ஆட்டமாக இருந்த கபடி, 1990-இல் பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமானபோது அதை ஆடப் பிற நாட்டு அணிகளும் இருந்தன. ஆகவே, இலங்கை, மலேசியா, வளைகுடா நாடுகள் போன்ற இடங்களில் பூப்பந்து ஆடுவோரை அறிந்தவர்கள், அங்கு முறையான அணிகள் உள்ளனவா என்பதை விசாரித்துத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு மிக அவசரமானது இதுவே.

நீலகிரியில் நடந்த பழைய போட்டிகளின் படங்களோ சான்றிதழ்களோ வைத்திருப்பவர்கள், ஆண்டும் ஊரும் குறித்து இங்கே பதிவிடலாம். மனுவின் ஆங்கில வடிவத்தைத் திருத்தித் தர ஒருவர் முன்வந்தால் பேருதவியாக இருக்கும்.