வீடற்றோர் தங்குமிடத்துக்காக மாநகராட்சி அவசர நிதி கேட்பதென்றால், யாரிடம், எந்த நிதித் தலைப்பில் கேட்பது?

மேலவெளிவீதிக்காரர் (வினா):

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் சிலரும் ஐந்தாண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தை ஒட்டிப் படுத்திருப்பவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்து வருகிறோம். வழிப்போக்கர் தங்குவதற்கென்றே எழுப்பப்பட்ட ஒரு சத்திரத்தின் வாசலில், ஒதுங்க இடமில்லாதவர்கள் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகிறது.

சென்ற மாதம் அங்கிருந்த ஒரு மூதாட்டியை நகரிலுள்ள தங்குமிடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். கட்டில்கள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் மூன்று மாதமாகச் சம்பளம் வராததால் இரவுக் காவலரும் சமையல் செய்பவரும் நின்றுவிட்டார்கள் என்றும், வயதானவரைப் பொறுப்பேற்றுக்கொள்ள ஆளில்லை என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்து, பாலித்தீன் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஆதார் நகலை எடுத்து நீட்டி, "நான் ஊர் பேர் இல்லாதவ இல்லைய்யா, உசிலம்பட்டிப் பக்கம்" என்று சொன்னது இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் முறையிட்டோம். மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து அவசர நிதி கேட்கலாம், எந்தத் தலைப்பில் கேட்பது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். வீடற்ற நிலையைப் பேரிடராகக் கருதிப் பேரிடர் நிதியில் கேட்க முடியுமா? மத்திய நிதிக்குழு மானியத்தில் வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தணிக்கைத் துறையில் இருந்தவன்:

ஐயா, உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பல ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவசர நிதி என்று பொதுவாக எழுதினால், அந்தக் கோப்பு மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடும். எந்த நிதி எதற்குச் செல்லும் என்பதைப் பிரித்து அறிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைப் பொறுத்தவரை, புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் என 12 வகைப் பேரிடர்கள் மத்திய அரசால் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றில் வீடற்ற நிலை இல்லை. ஆண்டு ஒதுக்கீட்டில் 10 விழுக்காடு வரை, மாநில அரசு தானே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அந்த வகையில் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே, சித்திரை வைகாசி வெயிலில் நடைபாதையில் கிடப்பவர்களுக்கும், 2024 அக்டோபர் 25 அன்று செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததுபோன்ற மழை நாட்களில் தெருவில் இருப்பவர்களுக்கும் தற்காலிக உதவி கோருவதற்கு அந்தக் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் காவலருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு அந்த நிதி வராது.

பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தை நம்புவதிலும் பயனில்லை. 2021 முதல் 2026 வரையிலான அந்த மானியத்தில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத் தொகுதிகளின் (நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தவை) பட்டியலில் மதுரை வைக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள நகரங்களுக்கான தொகையில் மூன்றில் ஒரு பங்கு காற்றுத் தூய்மைக்கும், மீதி குடிநீர், திடக்கழிவு மேலாண்மை போன்றவற்றுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. சிறிய நகரங்களுக்கு இருந்த, தேவைக்கேற்பச் செலவிடக்கூடிய கட்டற்ற பங்கு நமக்கு இல்லை.

தங்குமிடங்கள் பெரும்பாலும் எந்தத் திட்டத்தில் வந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோருக்கான தங்குமிடம் ஒரு தனிப் பிரிவாக இருந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஓர் இடம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பன அதன் நெறிகள். அந்த இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. நடத்தும் செலவும் அந்தத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. அதன்பிறகு உள்ளாட்சி அமைப்பே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். கட்டில் இருக்கிறது, காவலர் இல்லை என்று நீங்கள் கண்ட நிலைக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

எனவே கட்டடம் கேட்காதீர்கள், சம்பளம் கேளுங்கள். மாநகராட்சியின் வருவாய் நிதியிலிருந்து மூன்று மாத நிலுவையை உடனே வழங்க ஒரு தீர்மானமும், ஓராண்டு நடத்தும் செலவுக்கு நகராட்சி நிர்வாக இயக்குநர் வழியாக மாநில அரசிடம் சிறப்பு மானியம் கோரி இன்னொரு தீர்மானமும் வேண்டும். மாநில அரசு அதைத் துணை மதிப்பீடுகளில், அதாவது ஆண்டின் நடுவே கோரும் கூடுதல் நிதி ஒதுக்கீட்டில், சேர்க்க முடியும். குடிநீர்த் தொட்டி, கழிப்பறை போன்ற நிலையான பணிகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியை நாடலாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் கொண்ட அந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுக்க விதி இடம் தராது.

செல்லூர் வாசி:

தணிக்கை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தீர்மானத்தின் முகப்பிலேயே உச்ச நீதிமன்ற ஆணையைக் குறிப்பிடுங்கள். உணவுரிமை வழக்கு என்று அறியப்படும் 2001-ஆம் ஆண்டின் 196-ஆம் எண் ரிட் மனுவில், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று நீதிமன்றம் 2010-இல் வலியுறுத்தியது. 2011 கணக்கெடுப்பின்படி நமது நூறு வார்டு எல்லைக்குள் சுமார் 14.7 லட்சம் பேர். அந்தக் கணக்கில் மதுரைக்குப் பதினான்கு தங்குமிடங்களாவது இருந்தாக வேண்டும்.

எத்தனை பேர் தெருவில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இல்லாமல் எந்தக் கோரிக்கையும் நிற்காது. 2011-இல் வீடற்றோரை பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் என்று வந்தது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. அதுவரை காத்திருக்காமல், நாமே ஓர் இரவு எண்ணிக் கொடுத்தால் என்ன?

கோரிப்பாளையம் செவிலியர்:

எண்ணுங்கள், ஆனால் யாரை எண்ணுகிறோம் என்பதில் கவனமாக இருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றி இரவில் படுத்திருப்பவர்களில் பலர் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கங்களிலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். அவர்களுக்கும் கூரை தேவைதான், ஆனால் நான்கு நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்களையும் சேர்த்து எழுதினால் எண்ணிக்கை பெருகும். ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரித்தவுடன் முழுக் கணக்கும் பொய்யாகிவிடும்.

மனநலம் பாதிக்கப்பட்டு அலைபவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது முதலில் சிகிச்சை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பைக் காவல் நிலைய அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மாநகராட்சி நிதியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. ராஜாக்கூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு இருக்கிறதே, அங்கே அனுப்பிவிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை இறக்கும் ஒருவரிடம் ஒரு முறை கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டேன். தள்ளுவண்டியிலேயே படுத்தால்தான் இரண்டு மணிக்கு லாரி வரும்போது வேலை கிடைக்கும், தள்ளிப் போய்ப் படுத்தால் மறுநாள் கூலி போய்விடும் என்றார். தங்குமிடம் பிழைப்பு நடக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் மறக்காமல் எழுதுங்கள். பெண்களுக்குத் தனி இடமும், இரவில் ஒரு பெண் காவலரும் வேண்டும்.

மேலவெளிவீதிக்காரர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிலுவைச் சம்பளம், ஓராண்டு நடத்தும் செலவு என்று இரண்டு தனித்தனித் தீர்மான வரைவுகளாக எழுதத் தொடங்கிவிட்டேன். தணிக்கை ஐயா ஒருமுறை படித்துத் திருத்தித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வரும் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்தில் தொடங்கி, பெரியார் பேருந்து நிலையம், சித்திரை வீதிகள், யானைக்கல், கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி வரை எண்ணப் போகிறோம். இப்போது ஆறு பேர் இருக்கிறோம். இன்னும் பத்துப் பேராவது வேண்டும். பெண்களிடம் பேசிக் கேட்பதற்குப் பெண்கள் யாரேனும் வர இயலுமானால் இங்கேயே தெரிவியுங்கள். செவிலியர் அம்மா, மருத்துவமனை வாசலில் துணைக்கு வந்தவர்களைப் பிரித்து எழுத என்னென்ன கேட்க வேண்டும் என்று நான்கைந்து கேள்விகள் எழுதித் தருவீர்களா?