புதுப்பிப்பு: தங்கையின் வேலைநீக்கம்

கல்முனையில் ஏழு வருடம் வேலை செய்த என் தங்கையை ஒரு தனியார் நிறுவனம் வாய்ச்சொல்லிலேயே நிறுத்திவிட்டது, உடனே சட்டத்தரணியைப் பிடிக்கவேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

முதலில் தொழில் திணைக்களத்துக்குப் போகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி (சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம்) ஒழுங்காகக் கட்டப்படவில்லை. அதற்கும் பணிக்கொடைக்கும் அங்கேயே முறைப்பாடு கொடுத்தோம், சட்டத்தரணி தேவைப்படவில்லை. 15 பேராவது வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதப் பங்கு பணிக்கொடையாகச் சேரவேண்டும். அது முதலாளியின் தயவல்ல, 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. "நீங்களாகவே விலகுவதாக எழுதித் தாருங்கள்" என்று அவர்கள் நீட்டிய தாளில் அவள் கையெழுத்திடவில்லை. அந்தத் துணிச்சலை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

வேலைநீக்கம்தான் சிக்கல். இப்போது அவள்மீது ஒழுக்கக் குற்றம் சாட்டுகிறார்கள். இப்படியான வேலைநீக்கங்களை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு, வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். அங்கே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதியும் வாதாடலாம், ஆனால் அவளுக்குச் சங்கம் இல்லை. ஆகவே மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியை அமர்த்தி, கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கினோம். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் அவரிடம் இருக்கின்றன. விண்ணப்பம் இந்த வாரம் போகிறது.