அரூப குயில்ட்களுக்குக் கருவை எங்கே தேடுவது?

இழைக்கோலம்: நண்பர்களுக்கு வணக்கம். பூ, பறவை என்று உருவங்களைத் தைப்பதை விட்டுவிட்டு, வண்ணமும் கோடும் மட்டுமே பேசும் குயில்ட்களை, அதாவது துணித்துண்டுகளை இணைத்து அடுக்கித் தைக்கும் போர்வைகளை, தைக்க விரும்புகிறேன். ஆனால் எதிலிருந்து தொடங்குவதென்று தெரியாமல் நவீன ஓவிய நூல்களையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கருவை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

கத்தரிமுனை: அந்த நூல்களைச் சற்று மூடி வையுங்கள். அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள கீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள், குளிருக்குப் போர்த்திக்கொள்வதற்காகப் பழைய வேலை உடுப்புகளைப் பிரித்துத் தைத்த குயில்ட்கள், 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டன. வெளுத்த கால்சட்டைத் துணியில், பை பிரிக்கப்பட்ட இடம் மட்டும் அடர்நீலச் சதுரமாக நிற்பதை அவர்கள் மறைக்காமல் வடிவமாகவே விட்டுவிட்டார்கள். என் கருத்தில், வெட்டுவதற்கு முன் துணியின் தேய்மானத்தைக் கூர்ந்து பார்ப்பதே முதல் பயிற்சி.

ஊசித்தும்பி: இதை நானும் வழிமொழிகிறேன். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வைகளையும் பாருங்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவை அடைவதால், ஓட்டத்தையலின் வரிகளே துண்டுகளைப் பிணைக்கும் தாளமாகிவிடுகின்றன.

நீலச்சாயம்: ஓவியத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். ஓவியர் சோனியா டெலோனே 1911இல் தம் கைக்குழந்தைக்காகத் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வைதான், அவரை அரூப ஓவியத்தின் பக்கம் திருப்பியது. அதன் மூலமோ ரஷ்ய உழவர் வீடுகளில் அவர் கண்ட ஒட்டுத்துணிகள்.