புதுப்பிப்பு: உதிரும் விண்கல் துண்டை அறுத்தாயிற்று

சஹாராவில் கிடைத்த காண்ட்ரைட் (காண்ட்ரூல் எனும் சிறு உருண்டைகள் நிறைந்த கல்வகை விண்கல்) துண்டு ஒன்று தொட்டாலே உதிர்கிறது, எப்படி அறுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் சொன்னது பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பசை. காட்சிக்கு வைக்கும் கல்லுக்கு அது அருமையானது. வேண்டாமென்றால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். ஆனால் நான் ரம்பம் சூடாகாமலிருக்க ஆல்கஹால் விட்டு அறுக்க வேண்டியிருந்தது, அதில் இந்தப் பசை இளகக்கூடும். அதனால் அறுக்கும் பகுதிக்கு மட்டும் நீர்த்த எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்). அதை ஊற்றி வெற்றிடக் கலனில் வைத்தால் விரிசல்களில் உள்ள காற்று வெளியேறும். பிறகு காற்றை உள்ளே விடும்போது அந்த அழுத்தமே பிசினை ஆழத்துக்குத் தள்ளும். திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் உறுத்தல். மறுபாதியை அப்படியே விட்டிருக்கிறேன்.

'ஆல்கஹாலுக்குப் பதில் தண்ணீரே போதாதா?' என்றார் ஒருவர். போதாது. கல்லுக்குள் இரும்பு-நிக்கல் துகள்கள் உண்டு. ஈரம் சேர்ந்தால் துரு பருத்துக் கல்லையே பிளக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்து, ரம்பத்தை மெதுவாக ஓட்டினேன். வெட்டுமுகத்தில் காண்ட்ரூல்கள் உருண்டை உருண்டையாகத் தெரிகின்றன!

மர்ச்சிசன் விண்கல் துண்டுக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த அந்தக் கல்லின் மதிப்பே அதிலுள்ள அமினோ அமிலங்கள் போன்ற கரிமச் சேர்மங்கள்தான். பசையும் ஒரு கரிமச் சேர்மம், அது கலந்தால் கல் மாசுபட்டுவிடும். 2000 ஜனவரியில் கனடாவின் டேகிஷ் ஏரிப் பனியில் விழுந்த விண்கல் துண்டுகளைக் கையால் தொடாமல் எடுத்து, உறைநிலையிலேயே பாதுகாத்தார்கள். நம் வீட்டுக்கு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள்.