ஏர் இந்தியாவைத் தொடங்கியது அரசா, டாடாவா?

பாறசாலை வாசகன் (கேள்வி):
எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கரும்பலகையில் வாரம் ஒரு வரலாற்றுச் செய்தி எழுதுவது என் பொறுப்பு. சென்ற வாரம், "ஏர் இந்தியா 1953-இல் இந்திய அரசால் தொடங்கப்பட்டது, 2022-இல் தனியாருக்குக் கைமாறியது" என்று எழுதியிருந்தேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, முதல் பாதி தப்பு. மகாராஜா காலத்திலேயே நம்முடைய அஞ்சல் பையைச் சுமந்த கம்பெனி அது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதைக் குறிப்பிட்டார்? தனியார் கைக்குப் போனபின்பும் அதை நாட்டின் விமான நிறுவனம் என்று சொல்லலாமா?

விளவங்கோடு:
பெரியவர் சொன்னது சரிதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானத்தில் கடிதப் பைகளுடன் கராச்சியிலிருந்து கிளம்பி, அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த தகரங்களிலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பம்பாயின் ஜுஹு திடலில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டுசேர்த்தார்.

நமக்கு நெருக்கமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1935-இல் அதே வின்சென்ட் ஓட்டிவந்த பாக்ஸ் மாத் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சலின் கடிதங்கள் அங்கிருந்து பம்பாய்க்குப் பறந்தன. திருவிதாங்கூர் அஞ்சல் என்பது பிரிட்டிஷ் இந்தியத் தபாலுக்குத் தொடர்பில்லாத, சங்கு முத்திரை பொறித்த பச்சைப் பெட்டிகளை உடைய, சமஸ்தானத்தின் சொந்தத் துறை. மணி கட்டிய கோலுடன் அஞ்சலோட்டக்காரர் ஓடிய அந்தக் காலத்தில் விளவங்கோடு தாலுகாவும் அதற்குள்தான் இருந்தது. அதே நவம்பர் 1-ஆம் தேதியன்று, 21 ஆண்டுகள் கழித்து, நாங்கள் தமிழ்நாட்டில் சேர்ந்தோம், நீங்கள் கேரளத்தில் நின்றீர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இப்படி அஞ்சல் சுமந்து தொடங்கிய டாடா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா என்ற பெயரில், பொதுமக்களும் பங்கு வாங்கக்கூடிய நிறுவனமாயிற்று. வெளிநாட்டுச் சேவைக்காக 1948-இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் அமைந்தபோது அரசு 49 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குச் சென்றது. போருக்குப்பின் மலிவாகக் கிடைத்த டகோட்டா விமானங்களை வாங்கி அளவுக்கு மீறி முளைத்த உள்நாட்டு நிறுவனங்கள் நட்டத்தில் தள்ளாடவே, 1953-இல் எல்லாம் தேசியமயமாயின. ஆகவே அந்த ஆண்டு நடந்தது உரிமை மாற்றமே. டாடா அதை எதிர்த்தார். ஆனாலும் 1978 வரை அவரே தலைவராக இருந்து நடத்தினார்.

நெய்யாற்றங்கரைத் தமிழன்:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சொல்லலாம். பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் இன்ன நகரத்துக்குப் பறக்கும் உரிமை இரு அரசுகளின் உடன்படிக்கையால் கிடைக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிறுவனத்தை அந்தந்த அரசு நியமிக்கிறது. அந்த நிறுவனத்தின் பெரும்பகுதி உடைமையும் கட்டுப்பாடும் அந்நாட்டவரிடம் இருக்கவேண்டும் என்பதே அத்தகைய உடன்படிக்கைகளின் வழக்கமான நிபந்தனை. அரசிடமே இருக்கவேண்டும் என்பதில்லை. இன்று மற்ற இந்திய நிறுவனங்களும் அவ்வாறே பறக்கின்றன என்பதால், ஏர் இந்தியாவுக்கு இருக்கும் தனி இடம் சட்டம் தந்ததல்ல, வரலாறு தந்தது. விற்பனையைப் பற்றியும் ஒரு திருத்தம்: 2021 அக்டோபரில் டாடா குழுமத்தின் 18,000 கோடி ரூபாய் ஏலம் ஏற்கப்பட்டது, அதில் 15,300 கோடி பழைய கடனை ஏற்றுக்கொண்ட வகையில்தான். ஒப்படைப்பு 2022 ஜனவரி 27 அன்று நடந்தது.

தேங்காய்ப்பட்டணம்:
மேலே எழுதிய அண்ணாச்சி சட்டத்தைச் சொன்னார். நான் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1990-இல் குவைத்தில் எலக்ட்ரீசியனாக இருந்த என் அப்பா, போர் மூண்டபின் பாக்தாத் வழியாகப் பேருந்தில் அம்மானுக்கு வந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் சேர்ந்தார். அந்த 59 நாட்களில் 1,11,000-க்கும் மேற்பட்டோரை அந்நிறுவனம் அழைத்துவந்தது. அப்பாவின் ரெக்சின் பையில் மிஞ்சியவை இரண்டு சட்டையும் ஒரு குறடும்தான். குறட்டின் சிவப்புக் கைப்பிடி தேய்ந்துபோய் இன்றும் எங்கள் மோட்டார் அறையில் தொங்குகிறது. அப்போது அது அரசு நிறுவனம். ஆனால் டாடாவிடம் ஒப்படைத்து ஒரு மாதம்கூட முடிந்திராத 2022 பிப்ரவரியில், உக்ரைனிலிருந்து ருமேனியாவுக்குத் தப்பிவந்த 219 இந்தியர்களைப் புக்காரெஸ்டிலிருந்து மும்பைக்கு முதலில் கொண்டுவந்ததும் ஏர் இந்தியா விமானம்தான்.

பாறசாலை வாசகன்:
மூவருக்கும் நன்றி. நாளை காலை பலகையைத் துடைத்துவிட்டு இப்படி எழுதுகிறேன்: "1932-இல் டாடா தொடங்கியது, 1935-இல் திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்தது, 1953-இல் அரசுடைமையாயிற்று, 2022-இல் டாடாவிடம் திரும்பியது." எழுதி முடித்ததும் அந்தப் பெரியவரை வீட்டில் போய் அழைத்துவரப்போகிறேன்.