வாட்டில் நிழலில் சோலைக் கன்றுகள்: வெட்டுவதா, விடுவதா?

பூம்பாறைவாசி: கொடைக்கானல் மலையில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் என்னும் சீகை இன மரக்காடுகளை ஒரு மரம் விடாமல் வெட்ட வேண்டும் என்று சோலைப்பித்தன் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. முதிர்ந்த வாட்டில் மரங்களின் நிழலில், இம்மலையின் சொந்தக் காடான சோலையின் மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்பதை அவர் ஒருமுறையாவது குனிந்து பார்த்ததுண்டா? சருகை விலக்கினால் நாவல் இனக் கன்றுகள் சிவந்த தளிரோடு நிற்கின்றன. பறவைகளின் எச்சத்தில் வந்து விழுந்து முளைத்த அவை, மரம் சாய்க்கும்போது என்ன ஆகும்?

சோலைப்பித்தன்: நீங்கள் சொல்லும் கன்றுகள் சோலையை ஒட்டிய பள்ளங்களில் நிற்பவை. புல்வெளியாக இருந்த மலைமேட்டின் கதை வேறு. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, கொடைக்கானலை உள்ளடக்கிய பழனி மலைத்தொடரின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டியது. வரையாட்டுக்கும் நெட்டைக்காலிப் பறவைக்கும் வேண்டியது புல். அங்கே நிற்பது சோலை மரமே ஆனாலும் அவற்றுக்கு இழப்புதான்.

பூம்பாறைவாசி: நான் கேட்டது கன்றுகளைப் பற்றி, நீங்கள் புல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். சென்ற ஆண்டு காட்டுத்தீ விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் சாய்ந்து வெயில் பட்டாலோ தீ பரவினாலோ ஒன்றாகக் கிளம்பிவிடும். எங்கள் பக்கத்தில் மரம் வெட்டிய சரிவொன்றில் இப்போது கை நுழையாத அளவுக்கு வாட்டில் கன்றுகள் மண்டிக் கிடக்கின்றன. அங்கிருந்த சோலைக் கன்றுகளில் பாதி மரம் விழுந்து நசுங்கின, மீதி வெயிலில் கருகின. புல் ஒரு கைப்பிடிகூட வரவில்லை.

கூக்கால் மகள்: இருவருமே விறகு சுமக்கும் பெண்களை நினைக்கவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், எரிக்க விறகு வேண்டும் என்று வாட்டிலை நட்டுவிட்டுப் போனார்கள். இன்று காட்டுமாடு தோட்டத்தில் இறங்கினால் பூண்டையும் கேரட்டையும் இழப்பவர்கள் நாங்கள்.

சோலைப்பித்தன்: மேய்ச்சல் நிலத்தை வாட்டில் மூடியதால்தான் காட்டுமாடு உங்கள் தோட்டத்துக்கு வருகிறது அம்மா. அதற்காகவே வெட்டச் சொல்கிறேன்.

கூக்கால் மகள்: காரணம் எங்களுக்கும் தெரியும் ஐயா. இரவில் காவல் இருந்து பார்த்துவிட்டு வந்து பாடம் சொல்லுங்கள்.

பூம்பாறைவாசி: மறுபடியும் கன்றுகளை விட்டுவிட்டார்! சோலை தானாகத் திரும்பும் இடத்தில் கோடரிக்கு என்ன வேலை?

சோலைப்பித்தன்: கன்று, கன்று என்று நீங்கள் காவல் காக்கும் காலத்துக்குள் வாட்டில் எஞ்சிய புல்வெளிக்குள்ளும் இறங்கிவிடும். நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை.

பூம்பாறைவாசி: வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் முளைக்கும் வாட்டிலைப் பிடுங்க ஆள் யார், கூலி எங்கிருந்து வரும் என்பதை எழுதுங்கள். அதைக் காட்டும்வரை ஒரு மரத்தையும் வெட்ட நான் ஒப்பமாட்டேன்.