பதில்: மலைப் புடவில் பெயர்ப்பலகை, இரண்டாம் தவணை கேட்டு வந்த மடல்

அனுப்பியவர்: பெரியவீட்டு அக்கா, ஷார்ஜா

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தில் பணம் கொடுத்தவர்கள் பெயரை வெட்டி நிறுத்தும் பலகைக்கு இரண்டாம் தவணை அனுப்பச் சொல்லி வந்த மடலைப் பார்த்தேன். நான் அனுப்பப் போவதில்லை. முதல் தவணையைத் திருப்பியும் கேட்கவில்லை, மஸ்கட் தம்பி அதை எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன என் தங்கை மகன், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மலை ஏறியிருக்கிறான். பதினொரு படம் அனுப்பினான். நாலாவது படத்தில், புடவுக் குகையின் பாறை நெற்றியில் இருக்கிற பழைய கல்வெட்டு எழுத்தையெல்லாம் யாரோ சாக்பீஸ் வைத்துத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருக்கிறார்கள். படம் பளிச்சென்று விழ வேண்டுமாம். தேய்த்தவருக்கு எது எழுத்து, எது வெடிப்பு என்று தெரியவில்லை, வெடிப்பையும் சேர்த்து எழுத்தாக்கிவிட்டார். ஏழாவது படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. எழுத்துக்கு ஒரு முழம் கீழே சிவப்புப் பெயிண்டில் நாலு பெருக்கல் குறி. அங்கே நின்ற ஆளிடம் கேட்டதற்கு, "சங்கத்துப் பலகைக்கு போல்ட்டு அடிக்கிற இடம் தம்பி, அளவெடுத்துட்டுப் போயிட்டாக" என்றாராம்.

ஊர்ப் பொதுவிடமான மந்தையில் பலகை என்று சொல்லித்தானே பணம் கேட்டீர்கள்? புடவுக்கு உள்ளே என்று எப்போது மாறியது? எந்தக் கூட்டத்தில் முடிவானது? தொல்லியல் துறையிடம் யாராவது ஒரு வரி எழுதிக் கேட்டீர்களா?

"இத்தனை காலம் இருந்த எழுத்து நாலு ஆணிக்கா உதிரும்" என்று ஈப்போ சித்தப்பா போன மடலில் எழுதியிருந்தார். உதிரும் சித்தப்பா. வரிசையாகத் துளை போட்டால் கல் எந்தப் பக்கம் விடும் என்று நம் பகுதிக்காரர்களுக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம். கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காக மலைகளை எப்படி அறுத்தார்கள் என்று பார்த்தவர்கள்தானே நாமெல்லாம்.

அந்தச் சிவப்புக் குறிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கொடுத்தவர்களுக்காவது தெரிய வேண்டும். கல்வெட்டுப் புத்தகங்களில் மாங்குளம் என்று போடுவார்கள், சிலர் மீனாட்சிபுரம் என்பார்கள். கழுகுமலை, ஓவாமலை எல்லாம் நம் மலைதான். (எந்த ஊர்ப் பெயரைப் பலகையில் போடுவது என்ற சண்டையை நான் தொடவில்லை.) 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்காரர் இந்த எழுத்தைக் குறித்து வைத்தார். அப்புறம் நாற்பது வருஷம் இது எந்த மொழி என்பதே தெளிவில்லாமல் கிடந்தது. அசோகன் காலத்து எழுத்துப் போல இருக்கிறதே, ஆகவே மொழியும் வடக்கத்தி மொழியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ் என்று எடுத்துக் காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் வந்து நெடுஞ்செழியன் என்ற பாண்டிய ராஜாவின் பெயரைத் தெளிவாகப் படித்தார். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். தமிழில் கிடைத்த மிகப் பழைய குகைக் கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. அப்பேர்ப்பட்ட கல்லில் போல்ட்டு.

மொத்தம் ஆறு கல்வெட்டு. ஆறும் என்ன என்று நினைக்கிறீர்கள்? நன்கொடைப் பட்டியல்தான்! முக்கியமாக, கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்கு யார் யார் கல் படுக்கையும் மற்றதும் செய்து கொடுத்தார்கள் என்ற விவரம். நெடுஞ்செழியனின் ஆளான கடலன் வழுதி ஒன்று கொடுத்திருக்கிறான். "கொட்டுபித்த பளிஇய்" என்று இருக்கிறது. கொத்துவித்த பள்ளி, அதாவது கல்லைக் கொத்திச் செய்வித்த படுக்கை. இன்னொன்றில் ராஜாவுக்கு மைத்துனன் முறையான இளஞ்சடிகன் பெயர், அவன் அப்பா சடிகன் பெயர் எல்லாம் வருகிறது. மச்சான் வீட்டுப் பெயரை விட்டால் பொல்லாப்பு வரும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அப்புறம் வெள்ளறை நிகமத்தார், அதாவது அந்த ஊர் வியாபாரிகள் சங்கம். நம்மைப் போல ஒரு சங்கம்தான், ஆனால் அவர்கள் பெயரை இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். நமது பலகையில் முப்பத்தேழு பேர், பட்டங்களோடு.

அந்த வெள்ளறையைச் சேர்ந்த, காவிதி என்ற பட்டம் வாங்கிய ஒருவன் கொடுத்ததை "பிணஉ" என்று வெட்டியிருக்கிறார்கள். பின்னல் வேலை, கீற்று மறைப்பு மாதிரி ஏதோ ஒன்று என்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் முன்னால் கட்டுவது. கீற்று என்றைக்கோ போய்விட்டது, கொடுத்தவன் பேர் இருக்கிறது. பாறை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்களே, மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் முன்னால் சொட்டிவிடும், அந்தக் காடி இருப்பதால்தான் படுக்கைகள் இன்றைக்கும் காய்ந்து கிடக்கின்றன. சிவப்புக் குறி போட்ட புண்ணியவான் இரண்டு குறியைக் காடி விளிம்பிலேயே போட்டிருக்கிறார்.

சரி, எனக்கு இதெல்லாம் சின்ன வயதில் தெரியாது. அப்பத்தா சொன்னதுதான் தெரியும். பஞ்சபாண்டவர் வனவாசத்தில் வந்து படுத்த இடம், அதனால் பஞ்சவர் படுக்கை. நீளமானது பீமனுக்கு. "அப்ப பாஞ்சாலி எங்கே அப்பத்தா படுத்தா?" என்று கேட்டால், "அஞ்சு பேருக்கு ஒலை வச்சு ஆக்கிப் போட்டவளுக்குப் படுக்க நேரம் ஏது" என்பாள். காலேஜில் படிக்கும்போது லீவுக்கு வந்து, அது பாண்டவர் இல்லை, சமணர் என்று திருத்தினேன். "அவுகளும் வீட்ட விட்டுட்டு வந்து கல்லுல படுத்தவுகதானே" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

உள்ளே போகப்போகக் குறுகும் அந்தப் பொந்தைப் பற்றிய கதை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஓநாய்க்குப் பயந்து ஒரு வெள்ளாடு அதற்குள் புகுந்து, மூன்றாம் நாள் அழகர்மலையில் நூபுர கங்கைக்குப் பக்கத்தில் உடம்பெல்லாம் ஈரமாக வெளியே வந்தது என்பாள் அப்பத்தா. நானும் கீழத்தெரு சின்னவளும் ஒருமுறை அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்த்தோம். தவழ்ந்து பத்தடி போனதும் வௌவால் நாற்றம் தாங்காமல் திரும்பிவிட்டோம். சித்திரை வெயிலில் அந்தக் கல் படுக்கையில் படுத்தால் முதுகு சில்லென்று இருக்கும். தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பார்கள், பிடரி அதில் சரியாகப் போய் உட்காரும். சின்னவள் அங்கேயே தூங்கிப்போவாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் மகன் பெயரும் பலகையில் இருக்கிறது என்று கேள்வி, அவனிடம் பணமே வாங்கவில்லையாமே. அது என்ன கணக்கு?

இன்னொன்று. 2022-இல் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்தது, தமிழ்நாட்டில் முதலாவது. 2024 கடைசியில் இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் என்றதும் எவ்வளவு பேர் தெருவில் இறங்கினார்கள், நாமும் இங்கிருந்து எத்தனை மடல் எழுதினோம்! 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானபோது சித்தப்பா ஈப்போவில் லட்டு கொடுத்தார். மலையில் கை வைக்காதே என்று கத்திய நாமே துளைபோடும் மிஷினை ஏற்றினால், பார்க்கிறவன் என்ன சொல்வான்? பாறை இடுக்கில் வல்லூறு கூடு கட்டும் மலை அது.

பலகை வேண்டுமென்றால் மந்தையில் நட்டுக்கல்லாக நிறுத்துங்கள். மிச்சப் பணத்தில் ஏறுகிற பாதையில் முள்ளை வெட்டி, அடிவாரத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று வையுங்கள். அதற்கு நான் இன்றைக்கே அனுப்புகிறேன்.

அக்கா

*

அனுப்பியவர்: மஸ்கட் தம்பி (பொருளாளர்)

அக்கா, கல்வெட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

வரவு 1,86,500. செலவு: கல் பலகைக்கு முன்பணம் 60,000, பெயர் வெட்டக் கூலி 22,500, வண்டி 4,000, "இதர" 14,200. ஆகச் செலவு 1,00,700. இருப்பு 85,800 இருக்க வேண்டும். பாஸ்புக்கில் 81,300 இருக்கிறது. 4,500 எங்கே? "இதர" என்றால் என்ன? மூன்று மடல் எழுதிக் கேட்டுவிட்டேன், பதிலுக்கு இரண்டாம் தவணை கேட்டு மடல் வருகிறது. என்னைக் கேட்காமல் அந்த மடலைப் போட்டது யார்?

கடலன் வழுதி எவ்வளவு கொடுத்தான் என்று கல்லில் வெட்டவில்லை என்பது அவன் பாடு. நான் ரசீது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். கீழத்தெரு அக்கா மகன் பெயர் என் பட்டியலில் இல்லை. பலகையில் எப்படி ஏறியது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

*

அனுப்பியவர்: ஈப்போ சித்தப்பா

எல்லாரும் படித்தவர்கள், நான் ஒருவன்தான் இங்கே விவரம் கெட்டவன் போலிருக்கிறது.

அம்மா, நீ எழுதியது எல்லாம் படித்தேன். வெள்ளறை என்பது திருவெள்ளறை என்று திருச்சிக்காரன் சொல்லுவான். நம் பக்கம் வெள்ளரிப்பட்டி இருக்கிறதே, அதுதான் என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நிகமத்தார் நம்மவர்கள். நம்மவர்கள் பெயர் இருக்கிற இடத்தில் நம்மவர்கள் பெயர் வைத்தால் என்ன தப்பு என்றுதான் கேட்டேன். சுற்றியுள்ள ஊர்க்காரன் எல்லாம் வளைவு கட்டிப் பெயர் போட்டுவிட்டான். நாம் மட்டும் சும்மா இருக்கிறோம்.

4,500 விஷயம். வேலை தொடங்கும் முன்னால் மலையடிக் கருப்பனுக்குக் கிடா வெட்டினோம். கிடா 9,500. அதில் 5,000 என் கைக்காசு. கிடாவுக்கு எவன் ரசீது தருவான்? மஸ்கட் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் என்றால் கருப்பனையே கேட்கட்டும். இவருடைய தகப்பனார் கிணற்று வழக்கில் நின்றபோது யார் ஜாமீன் போட்டது என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளட்டும். "இதர" என்ன என்று எனக்கும் தெரியாது, அது ஊரில் இருக்கிறவர்கள் எழுதியது.

கீழத்தெருப் பையன் பெயரை நான்தான் போடச் சொன்னேன். அவன் அம்மாவுக்காக. பணம் நான் தருகிறேன், எழுதிக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பலகையில் என் பெயரை ஒன்பதாவதாக வெட்டியிருக்கிறார்கள். படம் வந்தது. எட்டுப் பேர் யார் யார் என்று பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அப்புறம் அந்த ஆட்டுக் கதை. உன் அப்பத்தா பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஆடு நூபுர கங்கையில் வெளியே வரவில்லை, ராக்காயி கோயில் வாசலில் வந்தது. அது எங்கள் வீட்டு ஆடு.

*

அனுப்பியவர்: தங்கை மகன், சென்னை

பெரியம்மா படங்களைக் குழுவில் போடச் சொன்னார்கள், இணைத்திருக்கிறேன். சாக்பீஸை யாரும் துணி வைத்துத் தேய்த்துத் துடைக்க வேண்டாம், மழையே கழுவட்டும் என்று எங்கள் வரலாற்று ஆசிரியர் சொன்னார். எட்டாவது படத்தில் படுக்கை மேல் அம்புக்குறி போட்ட இதயம் ஒன்று புதிதாகக் கீறியிருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் பெயரை நான் சொல்ல விரும்பவில்லை. அது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடன் உங்களுக்கே தெரியும்.

*

அனுப்பியவர்: பெரியவீட்டு அக்கா, ஷார்ஜா

எட்டாவது படத்தைப் பார்த்தேன். அவன் அப்பாவிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன், இங்கே யாரும் பெயரை இழுக்க வேண்டாம்.

தம்பி, கிடாக் கணக்கில் 4,500 எழுதி மூடு. "இதர" 14,200-ஐ விடாதே.

சித்தப்பா, கீழத்தெருப் பையனுக்கு நீங்கள் செய்தது எனக்குத் தெரியாது. அப்படி எழுதியது என் தப்பு. மந்தையில் நிறுத்துகிற கல்லில் உங்கள் பெயரை முதலில் வெட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, என் பெயரை எடுத்துவிட்டால் ஒரு இடம் காலியாகும். ராக்காயி கோயிலும் நூபுர கங்கையும் ஒரே இடம்தான். ஆடு உங்கள் வீட்டு ஆடாகவே இருக்கட்டும்.

துளை போடுகிறவர் வெள்ளிக்கிழமை மிஷினை மேலே ஏற்றுகிறாராம். சித்தப்பா, அவருடைய நம்பர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரிக்குள் போன் போட்டு நிறுத்திவிட்டு, இங்கே ஒரு வரி எழுதுங்கள்.